தாழ்மையும் தாழ்வும்

சிறுவர்க்குக் கற்பிக்க எளியவை சில, அரியவை சில. எண்ணைக் கற்பிக்கலாம், எழுத்தைக் கற்பிக்கலாம். பிள்ளை கற்றுக்கொண்டானா என்பதை மறுநாளே ஒரு தாளில் சோதித்தும் பார்த்துவிடலாம். பண்பு அத்தகையதன்று. அதிலும் பணிவு, ஈகை என்னும் இரண்டும் ஆசிரியரை மிகவும் வருத்தும் பாடங்கள். பணிவைப் பற்றி அழகாகக் கட்டுரை எழுதி முதற்பரிசு பெறும் மாணவன், அப்பரிசோடு மேடையிலிருந்து இறங்கும்போதே பணிவைத் தொலைத்துவிடுவதுண்டு. ஈகையைப் பற்றி மேடையில் முழங்கியவன், பக்கத்தில் இருப்பவன் அழிப்பான் கேட்டால் அதைப் பைக்குள் மறைத்துக்கொள்வதுண்டு. சொல்லால் மட்டும் கற்பித்தது சொல்லளவிலேயே நின்றுவிடுகிறது.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ்ப்பள்ளிகளில் பணிபுரிந்து வருகிறேன். வார நாள்களில் தலைமையாசிரியன். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஊர்த் தமிழ்த் திருச்சபையின் ஞாயிறு பள்ளியில், ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஆசிரியன். இரண்டு இடங்களிலும் பிள்ளைகளின் இயல்பு ஒன்றுதான். அதே குறும்பு, அதே கூச்சம், அதே கூரிய வினாக்கள். நூல்கள்தாம் வேறு. 1983-ஆம் ஆண்டில் புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டத்தோடு நம் பள்ளிகளுக்குள் வந்த நன்னெறிக் கல்வி, பல சமயத்துப் பிள்ளைகள் ஒன்றாக அமர்ந்து பயில்வது. அவ்வகுப்பில் நான் வேதாகமத்தைத் திறப்பதில்லை. தம் பிள்ளைகளை நம்பி ஒப்படைத்த பெற்றோர்க்கு நான் காட்டவேண்டிய மரியாதை அது. ஞாயிறு பள்ளியிலோ வேதாகமமே பாடநூல். இங்கு நான் எழுதப் புகுவது பெரும்பாலும் அந்த ஞாயிறு வகுப்பில் கண்டவற்றையே. ஆயினும் எச்சமயத்தைச் சார்ந்த ஆசிரியர்க்கும் இவற்றுள் ஏதேனும் ஒன்று பயன்படக்கூடும் என்று நம்புகிறேன்.

முதல் இடர் சொல்லிலேயே தோன்றியது. எங்கள் வேதாகமத்தில் பணிவு என்னும் பொருளில் பெரிதும் வழங்கும் சொல் தாழ்மை. அச்சொல்லைக் கரும்பலகையில் எழுதிப் பொருள் விளக்கிக்கொண்டிருந்தபோது, ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி கையை உயர்த்தினாள்.

"ஐயா, தாழ்மை என்றால் தாழ்ந்தவர்களாக இருப்பதா? எங்கள் பாட்டியை அப்படித்தான் சொல்லித் தண்ணீர்கூடத் தனிக் குவளையில் கொடுத்தார்களாம்."

வகுப்பு அமைதியாகிவிட்டது. அவள் கேட்டது சொற்பொருள் பற்றிய வினா மட்டுமன்று. ஒரு குடும்பம் மூன்று தலைமுறையாகச் சுமந்துவந்த வினா. சமயமும் பள்ளியும் "பணிந்து நட, தாழ்ந்து போ" என்று சொல்லும்போது, ஏற்கெனவே தாழ்த்தப்பட்டவர்களின் பிள்ளைகள் அதை எவ்வாறு கேட்கிறார்கள் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. வயிறு நிறைந்தவனுக்குச் சொல்லும் நோன்பு, பசித்தவன் காதில் எப்படி விழும்?

நம் சமுதாயத்தின் வரலாற்றை அறிந்தவர்க்கு இவ்வினாவின் கனம் புரியும். என் தந்தையார் பால்மரம் சீவியவர். விடியுமுன் பிரட்டுக்களத்தில் வரிசையில் நின்று பெயர் கொடுத்தவர். துரை எதிரே வந்தால் மிதிவண்டியில் செல்பவர் இறங்கி, ஓரமாக ஒதுங்கி, தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கவேண்டும் என்று ஒரு காலத்தில் எழுதாத சட்டம் இருந்ததாக அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படி இறங்கி நின்றது பணிவா? அன்று, அச்சம். அந்த அச்சத்திற்குப் பணிவு என்று பெயர் சூட்டி, நல்ல பண்பென்று பாராட்டியவர்களும் இருந்தார்கள். பெயர் மாறியதனால் பொருள் மாறிவிடுமா?

அச்சிறுமிக்கு நான் இலக்கணத்தின் வழியாகவே விடை கூறத் தொடங்கினேன். தமிழாசிரியனுக்குக் கைவந்த கருவி அதுதானே! தாழ்தல் தன்வினை; தாழ்த்துதல் பிறவினை. மரக்கிளை கனியின் சுமையால் தானே தாழ்கிறது, அது தன்வினை. ஒருவன் அக்கிளையைப் பிடித்து இழுத்து முறிக்கிறான். அது அவனுடைய செயல். இரண்டிலும் கிளை கீழே வருகிறது. ஆனால் ஒன்றில் கனி கிடைக்கிறது. மற்றொன்றில் மரத்திற்குக் காயம் ஏற்படுகிறது. "தாழ்மை என்பது நாமாகத் தாழ்வது. நம்மைப் பிறர் தாழ்த்துவது தாழ்மையன்று, அது அவர்கள் செய்யும் தவறு" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். ஆயினும் முகத்தில் தெளிவு முழுமையாக வரவில்லை. பிள்ளைகளுக்கு இலக்கணம் வழி காட்டும். கதைதான் கைப்பிடித்து அழைத்துச் செல்லும்.

எனவே யோவான் நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தைத் திறந்தோம். இயேசு தம் சீடரின் கால்களைக் கழுவிய நிகழ்ச்சி அது. பாலஸ்தீன நாட்டில் மக்கள் செருப்பணிந்து புழுதி நிறைந்த பாதைகளில் நடந்தனர். வீட்டுக்குள் வரும் விருந்தினரின் கால்களைக் கழுவுவது அடிமையின் வேலை. அந்த இரவு விருந்தில் அவ்வேலையைச் செய்யச் சீடர்களுள் எவரும் முன்வந்ததாகக் கதையில் இல்லை. அப்போது இயேசு பந்தியிலிருந்து எழுந்தார். மேலாடையைக் கழற்றி வைத்தார். துண்டொன்றை இடுப்பில் கட்டிக்கொண்டார். பாத்திரத்தில் நீர் வார்த்துச் சீடர் ஒவ்வொருவரின் கால்களையும் கழுவித் துடைத்தார். பேதுரு தடுத்தார், கேட்கவில்லை. சற்று நேரத்தில் தம்மைக் காட்டிக்கொடுக்க எழுந்து போகப்போகும் யூதாசும் அங்கேதான் அமர்ந்திருந்தான்.

இக்கதையைச் சொல்லும் ஆசிரியர் பெரும்பாலும் துண்டோடும் பாத்திரத்தோடும் நிறுத்திவிடுகிறார். கதையின் முன்னும் பின்னும் உள்ளவற்றைப் பிள்ளைகள் கவனிக்கும்படி செய்தல் வேண்டும். ஆதலின் மூன்று வினாக்களைக் கேட்டேன்.

"கால்களைக் கழுவும்படி இயேசுவுக்குக் கட்டளையிட்டவர் யார்?" எவருமில்லை என்றார்கள்.

"தாம் யார் என்பது அப்போது அவருக்குத் தெரியுமா?" ஒரு பையன் நூலைப் பார்த்து, தெரியும் என்றான். தாம் எங்கிருந்து வந்தவர், எங்குச் செல்பவர் என்பதை நன்கறிந்தே அவர் எழுந்தார் என்று நற்செய்தியாளர் முன்கூட்டியே குறித்து வைத்திருக்கிறார்.

"கழுவி முடித்தபின் எங்குச் சென்றார்?" மறுபடியும் தேடினார்கள். மேலாடையை அணிந்துகொண்டு தம் இடத்திலேயே மீண்டும் அமர்ந்தார். அதுமட்டுமன்று, சீடர்கள் தம்மைப் போதகர் என்றும் ஆண்டவர் என்றும் அழைப்பது சரியே என்றும் அவர்களிடம் கூறினார்.

குனிந்ததனால் அவர் தம் இடத்தை இழக்கவில்லை. தம்மை யாரென்று அறிந்தவர். எவரும் ஏவாமல் எழுந்தவர். பணி முடிந்ததும் நிமிர்ந்து தம் இருக்கைக்குத் திரும்பியவர். இம்மூன்றும் இருந்தால்தான் தாழ்மை. ஒன்று குறைந்தாலும் அதற்கு வேறு பெயர் தேடவேண்டும்.

அச்சிறுமி மெல்லச் சொன்னாள்: "அப்படியானால் எங்கள் பாட்டி தாழ்மையாக இருக்கவில்லை, ஐயா. அவரைத் தாழ்த்திவிட்டார்கள்."

அந்த ஒரு தொடருக்காக அந்த ஆண்டு முழுவதும் வகுப்பு நடத்தியிருந்தாலும் தகும் என்று எனக்குத் தோன்றியது.

இப்பாடத்தை நடிப்பாக்கிப் பிள்ளைகளை ஒருவர் காலை ஒருவர் கழுவச் சொல்லும் வழக்கம் சில இடங்களில் உண்டு. நான் அவ்வாறு செய்வதில்லை. கிழிந்த காலுறை அணிந்து வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பலர் முன்னிலையில் அதைக் கழற்றச் சொல்வது பணிவைக் கற்பிக்கும் பெயரால் நாணத்தைக் கற்பிப்பதாகும். அதற்கு மாறாக, வகுப்பு முடிந்ததும் செய்யவேண்டிய சிறு வேலைகளுக்கு ஓர் அட்டவணை வைத்திருக்கிறோம். நாற்காலிகளை அடுக்குதல், தரையைப் பெருக்குதல், ரோஸ் சிரப் குடித்த கோப்பைகளைக் கழுவுதல் என்பன அவ்வேலைகள். அந்த அட்டவணையில் என் பெயரும் மற்றப் பெயர்களோடு அகரவரிசையில் இருக்கிறது. ஒருமுறை தாய் ஒருவர் விரைந்து வந்து, "ஐயா, நீங்கள் போய்க் கோப்பை கழுவுவதா?" என்று என் கையிலிருந்து அதை வாங்கப் பார்த்தார். "இன்று என் முறை, அம்மா" என்றேன். பக்கத்தில் நின்று கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒன்றும் பேசவில்லை, ஆனால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் கேட்பதை மறப்பர், பார்ப்பதை மறவார்.

பணிவில் இன்னோர் ஆபத்தும் உண்டு. லூக்கா நற்செய்தியின் 18-ஆம் அதிகாரத்தில் பரிசேயனும் ஆயக்காரனும் கோவிலுக்குச் செபிக்கச் சென்ற உவமை இருக்கிறது. பரிசேயன் தன் நோன்பையும் தான் செலுத்தும் பத்தில் ஒரு பங்கையும் எடுத்துக்கூறி, தான் மற்றவர்களைப் போன்றவன் அல்லன் என்று மகிழ்கிறான். ஆயக்காரன் தொலைவில் நின்று, வானத்தை ஏறிட்டும் பார்க்காமல், மார்பில் அடித்துக்கொண்டு இரக்கம் வேண்டுகிறான். ஆயக்காரன் என்றால் ஏழை என்று பிள்ளைகள் எண்ணிக்கொள்வர். அவன் ரோமானிய ஆட்சிக்காக வரி தண்டியவன். தன் மக்களால் வெறுக்கப்பட்டவன். அத்தொழிலில் பொருள் சேர்த்தவர்களும் உண்டு. ஆகவே இங்கே வேறுபாடு செல்வத்திற்கும் வறுமைக்கும் இடையில் இல்லை. தன்னைப் பார்ப்பதற்கும் பிறனைப் பார்ப்பதற்கும் இடையில் இருக்கிறது.

உவமையைச் சொல்லி முடித்து, "நீங்கள் யாரைப் போல் இருப்பீர்கள்?" என்று கேட்டால் எல்லாக் கைகளும் ஆயக்காரன் பக்கமே உயரும். பிறகு அப்பரிசேயனைப் பற்றி ஒவ்வொருவராகக் குறை கூறத் தொடங்குவர். அவன் தற்பெருமைக்காரன், வேடதாரி, கெட்டவன் என்று பட்டியல் நீளும். சற்றுப் பேசவிட்டு, "இப்போது நாம் யாரைப் போல் பேசுகிறோம்?" என்று வினவுவேன். பெரிய பிள்ளைகள் சிலர் உடனே சிரித்துவிடுவர். பரிசேயனை இகழ்வதற்குள் நாமே பரிசேயர் ஆகிவிடுகிறோம்! பணிவு அத்தனை மெல்லிய பொருள். கையில் இருக்கிறதென்று காட்ட எடுத்தால் கலைந்துவிடும். ஆதலின் "பணிவான மாணவர்" என்று பட்டயம் கொடுத்துப் பாராட்டுவதை நான் எங்கும் ஊக்குவிப்பதில்லை. நேரந்தவறாமைக்குப் பரிசு கொடுக்கலாம், கையெழுத்துக்குக் கொடுக்கலாம். பணிவுக்குக் கொடுக்கும் பரிசு அப்பணிவுக்கே பகை.

இனி ஈகையைப் பற்றிக் கூறுவேன்.

மாற்கு நற்செய்தியின் 12-ஆம் அதிகாரத்தில் ஏழைக் கைம்பெண்ணின் காணிக்கை வருகிறது. எருசலேம் கோவிலில் செல்வர் பலர் மிகுதியாகக் காணிக்கை இட, ஓர் ஏழைக் கைம்பெண் இரண்டு சிறு செப்புக்காசுகளை இட்டாள். எல்லாரினும் மிகுதியாக இட்டவள் அவளே என்று இயேசு சீடர்க்குச் சுட்டிக்காட்டினார். மற்றவர் மிஞ்சியதிலிருந்து கொடுத்தனர்; அவள் தன் பிழைப்புக்கு இருந்த யாவற்றையும் கொடுத்தாள்.

இக்கதையைச் சிறுவர்க்குக் காதாலும் கற்பிக்கலாம், கணக்காலும் கற்பிக்கலாம். அக்கோவிலில் எக்காள வடிவில் அமைந்த 13 காணிக்கைப் பெட்டிகள் இருந்தன என்று யூதரின் பழைய நூலாகிய மிஷ்னா கூறுகிறது. நான் ஒரு பழைய பிஸ்கட் தகரத்தை மேசைமேல் வைத்து, கை நிறைய 50 சென் நாணயங்களை உயரத்திலிருந்து கொட்டுவேன். சிறியவர்கள் காதைப் பொத்திக்கொள்வர். பிறகு 5 சென் நாணயங்கள் இரண்டை மெல்ல இடுவேன். 2008-இல் ஒரு சென் வெளியிடுவது நிறுத்தப்பட்டபின் நமக்கு மிகச் சிறிய காசு அதுதானே. ஓசை வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. "இந்த ஓசையைக் கேட்க எவ்வளவு அமைதியாக இருக்கவேண்டும்?" என்று கேட்பேன். வகுப்பே அமைதியாகும். மறுபடியும் இடுவேன். எளியவரின் கொடையைக் காண்பதற்குக் கூர்ந்த செவி வேண்டும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

கணக்குப் பெரிய பிள்ளைகளுக்கு. அவள் இட்ட காசின் பெயர் லெப்டன். 128 லெப்டன் சேர்ந்தது ஒரு தெனாரியம். திராட்சைத் தோட்டத்து வேலையாள்களின் உவமையில் ஒருவனுக்கு ஒரு நாட்கூலி ஒரு தெனாரியம் என்று வருகிறது. ஆகவே அவள் இட்ட இரண்டு காசு, ஒரு நாட்கூலியில் 64-இல் ஒரு பங்கு. நம் நாட்டில் 2025-ஆம் ஆண்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆயிற்று. மாதத்தில் 26 வேலை நாள் என்று கொண்டு வகுத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 65 ரிங்கிட். அதை 64-ஆல் வகுத்துப் பாருங்கள் என்பேன். ஏறக்குறைய ஒரு ரிங்கிட்! இன்று பல கடைகளில் ஒரு ரொட்டி சானாய்கூட அந்த விலைக்குக் கிடைப்பதில்லை. "இவ்வளவுதானா?" என்று பிள்ளைகள் வியக்கும்போது, "இவ்வளவுதான் அவளிடம் இருந்தது" என்று சொல்லி நிறுத்திவிடுவேன்.

ஒருமுறை அந்த இடத்தில் பத்து வயதுப் பையன் ஒருவன் எழுந்து, "ஐயா, அந்த அம்மா அன்றிரவு என்ன சாப்பிட்டார்கள்?" என்று கேட்டான்.

அவனுடைய தாய் கணவரை இழந்தவர். தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்து மூன்று பிள்ளைகளை வளர்ப்பவர். அவன் ஆராய்ச்சிக்காகக் கேட்கவில்லை. வீட்டில் கடைசி ரிங்கிட் செலவானபின் என்ன நடக்கும் என்பதை அறிந்தவன் கேட்ட கேள்வி அது. "கடவுள் பார்த்துக்கொள்வார்" என்று ஒரு வரியில் விடையிறுத்து அவனை உட்கார வைத்திருக்கலாம். அந்த விடை அவன் வினாவுக்கு ஈடாகாது. "கதையில் அது சொல்லப்படவில்லை, தம்பி" என்றேன். பிறகு அக்கதைக்கு முன்னே உள்ள வரிகளை வாசிக்கச் சொன்னேன். கைம்பெண்களின் வீடுகளை விழுங்குகின்றவர்களை இயேசு கடுமையாகக் கண்டித்த உடனேயே இக்கைம்பெண் கதைக்குள் வருகிறாள். அந்த வரிசையை மறந்துவிட்டு, ஏழைகளிடமிருந்து இன்னும் பணம் திரட்டுவதற்கு இக்கதையைப் பயன்படுத்துவது பெருந்தவறு. அவள் கொடுத்ததைப் புகழ்ந்தால் மட்டும் போதாது. அவளிடம் ஏன் இரண்டு காசு மட்டுமே இருந்தது என்றும் கேட்டல் வேண்டும்.

பிறகு பழைய ஏற்பாட்டில் உபாகமம் 24-ஆம் அதிகாரத்திற்குச் சென்றோம். அறுவடையின்போது வயலில் மறந்துவிட்ட அரிக்கட்டை எடுக்கத் திரும்பிப் போகாதே; அது அயலானுக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் கைம்பெண்ணுக்கும் உரியது என்பது அங்குள்ள கட்டளையின் கருத்து. ஒலிவ மரத்திற்கும் திராட்சைக்கும் அதே விதி. இதில் எனக்குப் பிடித்தது ஒன்றுண்டு. கொடுப்பவன் அங்கே நிற்பதில்லை. வாங்குகிறவள் கை நீட்டுவதில்லை. அவள் வயலுக்குச் சென்று, தன் கையால் பொறுக்கி, தன் தலையில் சுமந்து வீட்டுக்குக் கொண்டு போகிறாள். உதவி கிடைக்கிறது, மானமும் இருக்கிறது. "அந்த அம்மா அன்றிரவு சாப்பிட்டார்களா என்பது பக்கத்து வீட்டுக்காரர்களைப் பொறுத்தது" என்று ஒரு சிறுமி சொன்னாள். அப்பையன் திருப்தியுடன் உட்கார்ந்தான்.

ஈகையில் மானம் காக்கப்படுவதே முதன்மை என்பதை நம் பள்ளிகளும் எண்ணவேண்டும். நன்கொடை அட்டைகளைப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புகிறோம். திரட்டி வந்த தொகையைப் பெயரோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறோம். அதிகம் திரட்டியவனுக்குக் கைதட்டல். வெற்று அட்டையோடு வருகிற பிள்ளை அன்று வயிற்றுவலி என்று வீட்டிலேயே தங்கிவிடுகிறது. அப்பிள்ளைக்கு நாம் கற்பித்தது ஈகையா? வலக்கை செய்வதை இடக்கை அறியலாகாது என்னும் கருத்தை மலைப்பொழிவிலே இயேசு கூறினார். அக்கருத்தை நாங்கள் ஞாயிறு வகுப்பில் ஒரு துணிப்பையாக்கிக்கொண்டோம். வாய் குறுகிய பை அது. காணிக்கை நேரத்தில் ஒவ்வொரு பிள்ளையும் மூடிய கையைப் பைக்குள் விட்டு எடுக்கவேண்டும். காசுள்ள கையும் உள்ளே போகிறது. வெறுங்கையும் உள்ளே போகிறது. வெளியே வரும்போது எல்லாக் கைகளும் ஒன்றுபோலவே இருக்கின்றன. எண்ணும் பொறுப்பு வேறொருவருடையது. யார் எவ்வளவு என்று எவருக்கும் தெரியாது. பள்ளியிலும் திரட்டும் பணத்தை வகுப்பின் மொத்தத் தொகையாக மட்டும் அறிவிக்கும்படி ஏற்பாடு செய்திருக்கிறேன். தொகை சிறிது குறையலாம். அன்று வரவு குறைவதில்லை.

கொடுப்பதைப் போலவே பெறுவதும் ஒரு பண்பு. இதை நான் வேதாகமத்தில் படித்ததோடு பள்ளிச் சிற்றுண்டிச்சாலையிலும் கண்டேன். ஐந்து அப்பமும் இரண்டு மீனும் கொண்டு ஐயாயிரம் பேர் உண்ட நிகழ்ச்சியை நான்கு நற்செய்திகளும் கூறுகின்றன. ஆனால் அவ்வுணவு ஒரு சிறுவனுடையது என்பதையும், அது வாற்கோதுமை அப்பம் என்பதையும் யோவான் ஒருவரே குறிக்கிறார். வாற்கோதுமை எளியவரின் உணவு. அச்சிறுவனின் பெயர்கூட நமக்குத் தெரியாது. பெரியவர்கள் செலவைக் கணக்கிட்டுக் கைவிரித்த இடத்தில், ஒரு பிள்ளையின் உணவுப் பொட்டலம் முன்னே வந்தது. இயேசு அதை வாங்கிக்கொண்டார். இது பிள்ளையின் உணவாயிற்றே என்று தயங்கி மறுத்திருந்தால், அச்சிறுவனிடம் கொடுக்க ஒன்றுமில்லை என்று தீர்ப்புக் கூறியது போலாகியிருக்கும்.

எங்கள் பள்ளியில் அரசு வழங்கும் துணையுணவைப் பெறும் மாணவன் ஒருவன், வீட்டிலிருந்து உணவு கொண்டுவர மறந்த நண்பனுக்குத் தன் அவித்த முட்டையைப் பிட்டு நீட்டியதை ஒருநாள் கண்டேன். அந்த நண்பன் வசதியான வீட்டுப் பிள்ளை. "வேண்டாம்" என்று சொல்லிவிடுவானோ என்று பார்த்தேன். அவன் வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, "உப்பு இருக்கிறதா?" என்று கேட்டான். இருவரும் சிரித்தனர். அவ்வளவுதான். இல்லாதவனிடமிருந்து இயல்பாக வாங்கிக்கொள்ளத் தெரிந்தவன் அவனைத் தனக்கு நிகராக மதிக்கிறான். எப்போதும் கொடுத்துக்கொண்டே இருந்து, ஒருபோதும் வாங்காதவனுடைய ஈகைக்குள் செருக்கு ஒளிந்திருக்கக்கூடும்.

பணிவு கல்விக்கும் வாயில் என்பதற்குத் தமிழ் வேதாகமத்தின் வரலாற்றிலிருந்தே ஒரு சான்று தருவேன். 1706-ஆம் ஆண்டு ஜெர்மானியராகிய சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 24. பல்கலைக்கழகத்தில் இறையியல் பயின்றவர். தமிழ் கற்பதற்கு அவர் செய்தது யாது? ஊர்ப் பள்ளியில் சிறு பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பழகினார். ஐந்தாறு வயதுப் பிள்ளைகளுக்கு இடையே நெடிய உருவம் ஒன்று குனிந்து எழுதியதை எண்ணிப் பாருங்கள்! 1715-இல் தமிழில் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சாகி வெளிவந்தது. எங்கள் ஞாயிறு வகுப்பில் நாங்கள் திறக்கும் நூலின் வரலாறு ஒருவர் தரையில் அமர்ந்ததிலிருந்து தொடங்குகிறது என்று சொல்லும்போது பிள்ளைகளின் முகம் மலரும். தெரியாது என்று ஒப்புக்கொண்டு தரையில் அமர்பவனுக்கே எழுத்து வசப்படும்.

வார நாள்களில் பள்ளிக்குச் செல்லும்போது நான் இக்கதைகளை ஞாயிறு வகுப்பிலேயே விட்டுச் செல்கிறேன்; கற்பிக்கும் முறையை மட்டும் எடுத்துச் செல்கிறேன். நன்னெறி வகுப்பில் நமக்குக் கதைப் பஞ்சமில்லை. திருக்குறளில் அடக்கமுடைமை 13-ஆம் அதிகாரம்; ஒப்புரவறிதலும் ஈகையும் 22, 23-ஆம் அதிகாரங்கள். முல்லைக்குத் தேர் ஈந்த பாரியைப் பிள்ளைகள் எல்லாரும் அறிவர். ஆனால் புறநானூற்றின் 163-ஆம் பாட்டைச் சிலரே அறிவர். வறுமையில் வாடிய புலவர் பெருஞ்சித்திரனார், குமணனிடம் பரிசில் பெற்று வீடு திரும்புகிறார். திரும்பியதும் தம் மனைவியிடம், ஆள் பார்க்காமல், தம் ஒப்புதலுக்கும் காத்திராமல், எல்லார்க்கும் கொடு என்கிறார். வள்ளலின் தேரைவிட இந்த ஏழைப் புலவரின் சொல் நம் பிள்ளைகளுக்கு அண்மையானது. தேர் நம் வீடுகளில் இல்லை. வறுமை பல வீடுகளில் இருக்கிறது. எருசலேம் கோவிலில் நின்ற அந்தக் கைம்பெண்ணும் இந்தப் புலவரின் மனைவியும் சந்தித்திருந்தால் மொழி தெரியாமலேயே ஒருவரை ஒருவர் புரிந்துகொண்டிருப்பார்கள் என்று நான் எண்ணுவதுண்டு.

ஆசிரிய நண்பர்களே, பயிற்சிக் கல்லூரியில் நமக்குப் பாடத்திட்டம் எழுதக் கற்பித்தார்கள். நோக்கம், துணைக்கருவி, மதிப்பீடு என்று கட்டம் போடக் கற்பித்தார்கள். இவ்விரு பண்புகளுக்கும் மதிப்பீட்டுக் கட்டம் வெறுமையாகவே இருக்கும். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டபின்னும் புள்ளிகளின் மீதுள்ள மயக்கம் நம்மிடமிருந்து நீங்கவில்லை. புள்ளியிட முடியாத பாடங்களை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். கதையை முடித்ததும் "இதனால் அறியப்படும் நீதி யாதெனில்" என்று நாமே சொல்லி முடிச்சுப் போட்டுவிடுகிறோம். அதைச் சற்று ஒத்திவைத்துப் பிள்ளைகளைக் கேட்க விடுவோம். குவளையைப் பற்றிக் கேட்ட சிறுமியும், அன்றிரவு உணவைப் பற்றிக் கேட்ட பையனும் எந்த விளக்கவுரையிலும் இல்லாத பொருளை அக்கதைகளுக்குள் கண்டனர். அவர்கள் வாழ்க்கை அவர்களுக்குக் கொடுத்த கண் அது.

நம் பள்ளிகளுக்கு வரும் பிள்ளைகளுள் பலர் எளியவர் வீட்டுப் பிள்ளைகள். முதலில் அவர்களை நிமிர்ந்து நிற்கச் செய்வோம். தம் பெயரை உரக்கச் சொல்லவும், தம் பெற்றோரின் தொழிலை நாணமின்றி எழுதவும், தவறு கண்டால் மரியாதையோடு மறுக்கவும் பழக்குவோம். அதன்பின் குனியக் கற்பிப்போம். கீழே விழுந்தவனைத் தூக்குவதற்கும், சிந்திய நீரைத் துடைப்பதற்கும், சிறியவனின் காலணிக் கயிற்றைக் கட்டிவிடுவதற்கும் குனியக் கற்பிப்போம். நிமிரத் தெரிந்தவன் குனிவதே பணிவு. தன்னிடம் இருப்பது சிறிதாயினும் அது தன்னுடையது என்று அறிந்தவன் கொடுப்பதே ஈகை. இவ்விரண்டையும் ஒரு பிள்ளை ஒரே ஒருமுறை உணர்ந்து செய்துவிட்டால், அந்த ஆண்டு நாம் வாங்கிய சம்பளத்திற்கு நேர்மையாக உழைத்தவர்கள் ஆவோம்.